காதின் மேல் எட்டு மணி நேரம்

போன பொங்கல் கழிந்த வாரம் ஒரு ஹெட்ஃபோன் வாங்கக் கடைக்குப் போனேன். அந்த வேலை முடிய ஐப்பசி ஆகிவிட்டது. நடுவில் மூன்று ஹெட்ஃபோன் மாறியது. இரண்டு வெவ்வேறு கோளாறுகளுக்காகக் காது மருத்துவரிடம் போய் வந்தேன். பதினொரு நாள் வருமானம் போனது. எல்லாம் கூட்டிப் பார்த்தால் 17,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. பணத்தைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். மார்ச் மாதத்தில் ஒரு ராத்திரி வீடே அடங்கிக் கிடந்தபோது என் காதுக்குள் மட்டும் மெல்லிய விசில் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. அன்று விடியும்வரை நான் தூங்கவில்லை. யாரையும் எழுப்பிச் சொல்லவும் தோன்றவில்லை. அந்த ராத்திரியை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். வீட்டின் முன்பக்க ஜன்னலைத் திறந்தால் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை. லாரிச் சத்தம் ராத்திரி பகல் பார்க்காது. எனக்கு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை. அமெரிக்காவில் மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு எழுத்தாக்க வேண்டும். இப்போது முதல் வரைவை மென்பொருளே போட்டுக் கொடுத்துவிடுகிறது. அதைக் கேட்டுக் கேட்டுத் திருத்துவதுதான் எங்கள் பாடு. 65 எழுத்துக்கு ஒரு வரி என்று கணக்கிட்டு வரிக்கு இவ்வளவு என்று பணம். ஹைப்பர்டென்ஷன் என்று மருத்துவர் சொன்னதை ஹைப்போடென்ஷன் என்று விட்டுவிட்டால் ரத்தக் கொதிப்பு ரத்த அழுத்தக் குறைவாகிவிடும், நோயாளியின் கதியே மாறிவிடும். அதனால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், சில நாள் ஒன்பது மணி நேரம் காதில் ஹெட்ஃபோனோடுதான் உட்கார்ந்திருப்பேன். அலுவலகத்துக்குப் போய் வேலை செய்த காலத்தில் கொடுத்த ஒயர் ஹெட்செட் ஆறு வருஷம் உழைத்து, ஒரு நாள் இடதுபக்கம் ஊமையாகிவிட்டது. சரி, புதிதாக ஒன்று வாங்கலாம் என்று கிளம்பினேன்.

கடையில் இருந்த தம்பி நல்ல பிள்ளைதான். ஏமாற்றினான் என்று சொல்லமாட்டேன். "அக்கா, காதுக்குள்ள சொருவறத விட்டா இதான்கா ஓடுது. வெயிட்டே இல்ல பாருங்க, மடிச்சி பையில போட்டுக்கலாம்" என்று ஒரு ஆன்-இயர் ஹெட்ஃபோனை எடுத்துக் கொடுத்தான். ப்ளூடூத், கறுப்பு நிறம், மெத்தென்ற சின்ன வட்டப் பேட், விலை 1,850 ரூபாய். தலையில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பாட்டுப் போட்டான், முழுதாக இரண்டு நிமிஷம்கூடக் கேட்டிருக்கமாட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போடப்போகிறீர்கள் என்று அவன் கேட்கவில்லை. எட்டு மணி நேரம் என்று நானும் சொல்லவில்லை. நான் போட்டிருந்த தடித்த பிளாஸ்டிக் ஃபிரேம் மூக்குக் கண்ணாடியைப் பற்றி இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

இந்த இடத்தில் வகைகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று எனக்கு இது தெரியாது. காதின் மேல் உட்கார்ந்து மடலை அழுத்துவது ஆன்-இயர். காதையே முழுதாகச் சுற்றி, காதுக்கு வெளியே தலை எலும்பில் உட்காருவது ஓவர்-இயர். துவாரத்துக்குள் ரப்பர் முனையோடு நுழைவது இன்-இயர். நெக்பேண்டும், ஒயரே இல்லாத சின்ன இயர்பட்ஸில் பெரும்பாலானவையும் இந்த மூன்றாவது சேர்த்திதான். பெட்டியின் மேல் படத்தில் பார்த்தால் முதல் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பேடின் நடுக்குழிக்குள் உங்கள் காது முழுதாக இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் உங்களைப் பொறுத்தவரை அது ஆன்-இயர்தான். பெரிய காது உள்ளவர்களுக்குச் சில ஓவர்-இயர்களும் இப்படி மடலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

முதல் இரண்டு நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் மதியம், நாற்பது நிமிஷம் போனதும் காதின் மேல்விளிம்பில் கடுகடுவென்று ஒரு வலி. கழற்றிப் பார்த்தால் கண்ணாடிக் கொம்பு பதிந்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு. காது மடலில் இருப்பது குருத்தெலும்பு. அதன்மேல் மெல்லிய தோல் மட்டும்தான், சதைப்பிடிப்பு கிடையாது. ஹெட்ஃபோன் வெளியிலிருந்து அழுத்துகிறது, உள்பக்கம் கண்ணாடிக் கொம்பு எலும்போடு ஒட்டி நிற்கிறது, நடுவில் காது நசுங்குகிறது. ஒரு வாரத்தில், ராத்திரி ஒருக்களித்துப் படுத்தால் தலையணை பட்ட இடம் சுரீர் என்றது. பழகிவிடும் என்றுதான் நினைத்தேன். புதுச் செருப்பு கடித்துப் பழகும் ஊர்க்காரிக்கு வேறென்ன தோன்றும்? பழகவில்லை. இருபது நாள் வலியோடே வேலை செய்தேன். அந்த மாதம் என் வரிக்கணக்கு குறைந்தது, மணிக்கு நாலு தடவை கழற்றிக் கழற்றி மாட்டினால் எப்படி ஓடும்?

கண்ணாடி போடுகிறவர்கள் கடைக்குப் போகும்போது தினமும் போடுகிற அதே கண்ணாடியோடு போங்கள். மாட்டிக்கொண்டு இருபது நிமிஷம் கழற்றாமல் உட்காருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பத்து நிமிஷத்தில் பெரும்பாலும் எதுவும் தெரியாது, எனக்கு வலி வந்ததே நாற்பதில்தான். ஆனால் இருபதில் ஒரு சூடும் இறுக்கமும் தெரிய ஆரம்பித்துவிடும், அதுவே போதும். கண்ணாடி ஃபிரேமின் கொம்பு மெல்லிய உலோகமாக இருந்தால் தொல்லை பாதி குறையும். எனக்கு இது தெரிந்தபோது புது ஃபிரேம் போட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, மாற்ற மனம் வரவில்லை.

இறுக்கத்தைக் குறைக்க ஒரு வழி சொன்னார்கள். ராத்திரியில் ஹெட்ஃபோனை ஒரு பெட்டியின் மேல் விரித்து மாட்டி வைத்தால் பட்டை கொஞ்சம் தளரும் என்று. எங்கள் வீட்டில் செருப்புப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. கொழுந்தனார் ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், உறவுக்காரர்களில் பாதிப்பேர் ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில். ஒரு ஷூ பெட்டியில் மூன்று ராத்திரி விரித்து வைத்தேன். உண்மையாகவே தளர்ந்தது. காதுவலி பாதி குறைந்தது. அந்த நிம்மதியில் இன்னொன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். ஆன்-இயரின் பேட் மடலோடு ஒட்டி அழுத்தினால்தான் வெளிச்சத்தம் உள்ளே வராமல் கொஞ்சமாவது தடுக்கும், அடித்தொனியும் ஒழுங்காகக் கேட்கும். காது மடல் மேடும் பள்ளமுமானது, அதன்மேல் ஒரு வட்டப் பஞ்சு முழுசாக மூடிக்கொள்ளாது. அழுத்தினால் வலிக்கும், தளர்த்தினால் ஒழுகும். ஆன்-இயரின் அடிப்படைச் சிக்கல் இதுதான் என்பதை நான் என் காதைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். தளர்த்தியதும் நெடுஞ்சாலை முழுக்க ஹெட்ஃபோனுக்குள் வந்தது. லாரி போகும்போது மருத்துவர் குரல் மூழ்கியது. நான் வால்யூமைக் கூட்டினேன். நாளுக்கு நாள் ஒரு புள்ளி, ஒரு புள்ளியாக. கடைசியில் எப்போதும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல்தான். கூட்டியதே தெரியாமல் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

அப்புறம்தான் அந்த விசில் ராத்திரி. மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அதை நிறுத்தினேன். ஃபிரிட்ஜோ என்று அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். காதைப் பொத்தினால் இன்னும் தெளிவாகக் கேட்டது. அப்போதுதான் அது உள்ளே இருந்து வருகிறது என்று புரிந்து வயிறு கலங்கியது. காதுதான் எனக்குச் சோறு போடுகிறது. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அதில்தான் போகிறது. என் ஆயாவுக்கு ஐம்பது வயதிலேயே காது மந்தம், அவர் எதிரில் நின்று கத்திப் பேசிய நாட்களெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அது தப்பு. இரைச்சல் கேட்டால் மறுநாளே போய்க் காட்டுங்கள், சில காரணங்களால் வரும் திடீர் செவித்திறன் இழப்புக்கு முதல் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் பலன் அதிகம் என்று மருத்துவர் என்னைக் கடிந்துகொண்டார்.

காது மூக்கு தொண்டை மருத்துவருக்கு 400, செவித்திறன் சோதனைக்கு 600. ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து ஒவ்வொரு காதிலும் கீச்சென்றும் தடித்தும் ஒலி கொடுத்து, கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கேட்கும் திறனைக் கோடாக வரைந்து காட்டும் தாளில், 4,000 ஹெர்ட்ஸ் என்கிற கீச்சொலிப் பக்கத்தில் இரண்டு காதிலும் கோடு கொஞ்சம் இறங்கியிருந்தது. அதிக ஒலியால் வரும் பாதிப்பு முதலில் தலைகாட்டுவது வழக்கமாக அந்த இடத்தில்தானாம். தற்காலிகமாகவும் இருக்கலாம், காதுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி பார்ப்போம் என்றார். அவர் சொன்ன ஒரு கணக்கு எனக்கு மிகவும் பயன்பட்டது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் ஒலியின் அளவு 80 டெசிபல் வரை இருக்கலாம் என்று. 3 டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10 மணி நேரம், 90 என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். நான் வாரத்துக்கு ஐம்பது மணி நேரம் கேட்கிறேன். பாட்டுக் கேட்பவர் அரை மணி நேரம் சத்தமாக வைப்பதும் நான் வைப்பதும் ஒன்றாகாது. அன்றிலிருந்து வாரக் கணக்காகத்தான் யோசிக்கிறேன்.

அப்போது எனக்குத் தோன்றிய தீர்வு, வெளிச்சத்தத்தை அடைக்கிற ஒன்று வேண்டும் என்பது. அது சரியான யோசனைதான். அடைத்தால் வால்யூம் கூட்ட வேண்டாம். உடனே 899 ரூபாய்க்கு ஒயர் வைத்த இன்-இயர் ஒன்று வாங்கினேன். சத்தம் விஷயத்தில் அது அற்புதமாக இருந்தது, பாதி வால்யூமில் எல்லாம் தெளிவாகக் கேட்டது. இன்று இயர்பட்ஸும் நெக்பேண்டும் ஊரெல்லாம் பரவியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று புரிந்தது. சட்டைப் பையில் அடங்கும், தலைமுடி கலையாது, கண்ணாடியோடு சண்டையில்லை, பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரருக்குக் கேட்காது. ஆனால் அது சித்திரை மாதம். வேலூரை வெயிலூர் என்று சொல்வது சும்மா இல்லை. சுற்றிலும் பாறைக் குன்றுகள், 40 டிகிரிக்கு மேல் போகும் மதியம், மின்தடை வந்தால் விசிறியும் இல்லை. அந்த வியர்வையில் எட்டு மணி நேரம் காதுத் துவாரத்தை ரப்பரால் அடைத்து வைத்தேன். போதாக்குறைக்கு அரித்தபோது அத்தை சொன்னார் என்று இளஞ்சூட்டில் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். மூன்றாவது வாரம் காதில் அடைப்பு, அரிப்பு, நீர்க் கசிவு. பூஞ்சைத் தொற்று. ஈரமும் சூடும் இருக்கிற ஊர்களில் இது சாதாரணம் என்றார் மருத்துவர். மூன்று தடவை போய்க் குழாய் வைத்து உறிஞ்சிச் சுத்தம் செய்யவேண்டியிருந்தது. அதற்கு 1,200, சொட்டு மருந்துக்கு 260. எண்ணெய் விடாதீர்கள், பட்ஸ் குச்சி போடாதீர்கள், தலைக்குக் குளிக்கும்போது தண்ணீர் போகாமல் பாருங்கள், காது ஆறும்வரை உள்ளே எதையும் சொருகாதீர்கள் என்றார். பதினொரு நாள் வேலையே செய்யவில்லை. நாளுக்கு 650 ரூபாய் என்று வைத்தால் 7,150.

அந்தப் பதினொரு நாளில் சும்மா படுத்திருக்கும்போதுதான் மாமா வீட்டு வாக்மேன் நினைவுக்கு வந்தது. பேரணாம்பட்டில் இருந்த மாமா துபாயிலிருந்து கொண்டுவந்தது. அதோடு வந்த ஹெட்ஃபோன் ஒரு மெல்லிய இரும்புப் பட்டையும் இரண்டு பக்கமும் பூந்திலட்டு அளவுக்குப் பஞ்சும்தான். விடுமுறையில் மதியச் சாப்பாடு முடிந்து மாட்டினால் விளக்கு வைக்கும்வரை கழற்றமாட்டேன். அதுவும் ஆன்-இயர்தானே, அது ஏன் வலிக்கவில்லை? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். 1968ல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் ஹெச்.டி. 414 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒலி வரும் டப்பாவின் பின்பக்கத்தை அடைக்காமல் திறந்துவிட்ட ஹெட்ஃபோன் அதுதான் முதலில். மஞ்சள் பஞ்சு பேடோடு காதின் மேல் லேசாக உட்காரும். 1979 ஜூலையில் ஜப்பானில் சோனி வாக்மேன் வந்தபோது அதோடு கொடுத்ததும் பஞ்சு வைத்த லேசான ஆன்-இயர். நடந்துகொண்டே பாட்டுக் கேட்கலாம் என்று உலகம் கற்றுக்கொண்டதே இந்த வகையில்தான். 2001ல் ஐபாடின் வெள்ளை இயர்போன் வந்து அந்த இடத்தைப் பிடித்தது. அப்புறம் பீட்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆன்-இயரை மறுபடி அழகுப்பொருளாகக் கழுத்தில் தொங்கவிட்டன. 2016ல் ஆப்பிள் ஐஃபோன் 7இல் ஹெட்ஃபோன் துளையையே எடுத்துவிட்டு, அந்த வருஷக் கடைசியில் ஏர்பாட்ஸை விற்க ஆரம்பித்தது. ரயிலிலும் விமானத்திலும் போகிறவர்கள் இரைச்சலை அடக்கும் ஓவர்-இயருக்குப் போனார்கள். ஆன்-இயர் நடுவில் நிற்கிறது. பைக்குள் அடங்குவதில் இயர்பட்ஸிடம் தோற்கிறது, சத்தம் அடைப்பதில் ஓவர்-இயரிடம் தோற்கிறது.

ஆனாலும் அது மறையவில்லை. கால்சென்டர்களில் பாருங்கள், பெரும்பாலும் மைக் குச்சி வைத்த லேசான ஆன்-இயர்தான். பக்கத்து மேசையில் கூப்பிட்டால் கேட்க வேண்டும், எட்டு மணி நேரம் தலையில் கனம் தெரியக்கூடாது, பஞ்சு கிழிந்தால் சல்லிக் காசில் மாற்ற வேண்டும். பள்ளிக் கணினி அறையிலும் அதுதான். என் பழைய ஆறு வருஷ ஹெட்செட்டும் அப்படிப்பட்டதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. அதன் பேட் பஞ்சு, பட்டை மெலிது, பிடி லேசு, அலுவலகமும் அமைதியான இடம். கடையில் நான் வாங்கியது அதே பெயருள்ள வேறு பொருள். வெளிச்சத்தம் கேட்காமல் பாட்டு அதிரவேண்டும் என்பதற்காக இறுக்கமாக, மூடிய டப்பாவாக, செயற்கைத் தோல் பேடோடு செய்தது. அதிகம் விற்பது எது என்று நான் கேட்டேன். அதை வாங்குகிறவர்கள் எத்தனை நேரம் போடுகிறார்கள் என்று கேட்கவில்லை.

இது புரிந்த பிறகும் நேராக வழிக்கு வரவில்லை. காது முழுக்க ஆறுவதற்குள் வேலைக்குத் திரும்பவேண்டிய கட்டாயம், முன்னறையில்தான் மேசை, நெடுஞ்சாலைச் சத்தம் அப்படியே. அதனால் ஓவர்-இயர் ஒன்று 3,600 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். வலி இல்லை, சத்தம் நன்றாக அடைத்தது, வால்யூம் ஐம்பதைத் தாண்டவில்லை. ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் காதைச் சுற்றி வியர்வை குளம் கட்டியது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழற்றித் துடைக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கலாம் என்றால், திறந்த பிறகு பழுது இருந்தால் மாற்றித் தருவோம், பணம் கிடையாது என்று விதிமுறையில் எழுதியிருந்தது. ஆன்லைனில் வாங்குவதற்கு முன் அந்த வரியைப் படியுங்கள், காதில் போடும் பொருளுக்குப் பல விற்பனையாளர்கள் பணத்தைத் திருப்புவதில்லை. ப்ளூடூத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. கூட்டத்தில் பேசுவதற்கு ஹெட்ஃபோனின் மைக்கை இயக்கினால் கேட்கும் ஒலி சட்டென்று பழைய டெலிஃபோன் போல மட்டமாகிவிடும். பழுது என்று பயப்படவேண்டாம். மைக்கையும் சேர்த்து அனுப்பும்போது அது வேறு முறைக்கு மாறுகிறது. கணினி அமைப்பில் மைக்காக மடிக்கணினியின் மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஒலி திரும்பிவிடும். எங்கள் மாதிரி காலடிப் பெடலால் நிறுத்தி ஓட்டிக் கேட்பவர்களுக்கு ப்ளூடூத்தின் தாமதமும் எரிச்சல். ஒயர்தான் நல்லது.

ஆவணி மாதம் கண்ணாடியில் பார்த்தால் காதோரம் கறுப்புச் செதில்கள். என்னவோ தோல் வியாதி என்று பதறிவிட்டேன். பேட் உரிந்து ஒட்டியிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த கொழுந்தனார் அதை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, இது தோலே இல்ல. துணி மேல பியூ பூச்சு. வேர்வையும் தலை எண்ணெயும் பட்டா உரியத்தான் செய்யும். எங்க கம்பெனில ஒரு மூலைல கிடந்த பியூ ஷூ ரெண்டு மழைல இப்டித்தான் உதிர்ந்துச்சி" என்றார். பெட்டியில் புரோட்டீன் லெதர் என்று போட்டிருந்ததைக் காட்டினேன். அந்தப் பெயரில் விற்பதும் பெரும்பாலும் இதே பியூ, அதாவது பாலியூரிதேன் என்கிற செயற்கைப் பூச்சுதான் என்றார். ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சு தானாகவே சிதையும், பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்தாலும்கூட. தோல் ஊரில் பிறந்து வளர்ந்தவள் இதை ஆறு மாதம் முன்பே அவரிடம் கேட்டிருக்கலாம். பேட் மாற்ற முடியுமா, அதன் அளவு எத்தனை மில்லிமீட்டர், தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். எனக்கு 320 ரூபாயில் ஒரு ஜோடி கிடைத்தது. அதன்மேல் வீட்டுக்காரரின் பழைய பனியனை வெட்டி ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து உறை தைத்துப் போட்டேன். இரண்டு ஜோடி தைத்தேன், ஒன்று துவைக்க, ஒன்று போட. வியர்வைக்கு அந்தப் பனியன் துணி செய்த உதவியை எந்த விலை ஹெட்ஃபோனும் செய்யவில்லை.

அதே மாதம், முதலில் வாங்கிய ஆன்-இயரின் கீலும் போனது. ஷூ பெட்டியில் விரித்து வைத்த இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்து, மடிக்கும்போது பட்டென்று விட்டது. வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்த உடைப்புக்கு வாரண்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மடங்குகிற பட்டையை விரித்து வைக்காதீர்கள். பட்டை முழுதும் எஃகாக இருந்தால் மட்டும் செய்யலாம், அதையும் தலையைவிடக் கொஞ்சமே அகலமான பெட்டியில்.

கடைசியில் தீர்வு வந்தது ஒரு காசு செலவில்லாமல். மேசையைப் பின்னறைக்கு மாற்றினேன். அத்தை அரிசி மூட்டையும் தையல் மெஷினும் வைத்திருந்த அறை. அவரிடம் கேட்கத் தயங்கித் தயங்கி எட்டு மாதம் ஓட்டியிருக்கிறேன். கேட்டதும், "இதுக்காம்மா இத்தினி நாளு காத கெடுத்துக்கின? எடுத்துக்கோ" என்று அன்று மாலையே மூட்டையை நகர்த்தக் கைகொடுத்தார். நெடுஞ்சாலைக்கும் எனக்கும் நடுவில் இரண்டு சுவர் வந்ததும், அதே ஹெட்ஃபோனில் வால்யூம் தானாக முப்பத்தைந்துக்கு இறங்கியது. சத்தம் குறைந்த அறையில் இறுக்கமான எதுவும் தேவையில்லை. அப்புறம் 990 ரூபாய்க்கு ஒயர் வைத்த, பஞ்சு பேட் போட்ட, பின்பக்கம் திறந்த லேசான ஆன்-இயர் ஒன்று வாங்கினேன், மாமாவின் வாக்மேனில் வந்த மாதிரியே. கண்ணாடியோடும் போட முடிகிறது, காது வேர்ப்பதில்லை, பஞ்சு அழுக்கானால் சோப்பில் அலசி நிழலில் காயவைத்து மாட்டிவிடலாம். அதன் குறை, கேட்பது வெளியே கசியும். நோயாளிகளின் விவரம் ஓடும்போது பக்கத்தில் யாரும் இருக்கக்கூடாது என்பதால் கதவைச் சாத்திக்கொள்கிறேன். காட்பாடியிலிருந்து ரயில் ஏறும்போது இதை எடுத்துப் போகமாட்டேன். பள்ளி வேன்கள் வந்து போகும் காலை நேரத்தில் மட்டும் பனியன் உறை போட்ட ஓவர்-இயர். மணிக்கு ஐந்து நிமிஷம் காதைச் சும்மா விடுகிறேன். இன்-இயரைப் பயணத்துக்கு வைத்திருக்கிறேன், அரை மணி நேரத்துக்கு மேல் போடுவதில்லை, ரப்பர் முனையைத் துடைத்துத்தான் வைப்பேன்.

ஐப்பசியில் மறுபடி சோதனை எடுத்தோம். வலதுகாதின் கோடு ஏறிவிட்டது. இடதில் 4,000 பக்கம் சின்னப் பள்ளம் அப்படியே நிற்கிறது. விசில் இப்போதும் சில ராத்திரி வரும், தூக்கம் கெட்ட நாட்களில் அதிகம். அது போகாது என்று மருத்துவர் சொல்லவில்லை, போகும் என்றும் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை கொழுந்தனாரின் பெண் வந்திருந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள், ஆன்லைன் வகுப்புக்கு ஹெட்ஃபோன் வேண்டுமாம், தோழி வைத்திருக்கும் இளஞ்சிவப்பு ஆன்-இயரேதான் வேண்டுமாம். அதே கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகளுக்குக் கணக்கு இன்னும் கடுமை, வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 75 டெசிபல்தான் என்று வழியிலேயே சொல்லிவைத்தேன். அந்தத் தம்பியிடம் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி, அவள் கண்ணாடியோடு மாட்டிக்கொண்டு உட்கார, நான் கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றேன். பதினாறாவது நிமிஷம் கழற்றிக் காதைத் தேய்த்தாள். "பெரியம்மா, சுடுது" என்றாள். பஞ்சு பேட் வைத்தது இருக்கிறதா என்று கேட்டேன். யாரும் கேட்பதில்லை என்று எடுத்து வைப்பதில்லையாம், சென்னையிலிருந்து வரவழைத்து வியாழக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறான்.